முழங்காலின் மறுமொழி

முழங்காலில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறவனுக்கு, அவன் அழைக்காமலே இரண்டு வைத்தியர்கள் வாய்த்துவிடுகிறார்கள். காலை இம்மியும் அசைக்கலாகாது, ஒரு மண்டலம் கட்டோடு கிடந்தால்தான் உள்ளே அறுந்தது கூடும் என்பது ஒருவருடைய கட்சி. வலியைப் பாராட்டிக்கொண்டிருந்தால் கால் மரத்துப்போகும், தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டு நாலு தெரு நடந்துவிட்டு வா என்பது மற்றவருடைய கட்சி. இருவரும் அன்பினாலேயே பேசுகிறார்கள். இருவரும் தத்தம் அனுபவத்தையே பிரமாணமாகக் காட்டுகிறார்கள். இருவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. நோயாளியோ, முதல் சில வாரங்கள் முன்னவருக்குக் கீழ்ப்படிந்து தொடை சூம்பும்படி கிடந்துவிட்டு, பிறகு ஒருநாள் பொறுமை இழந்து பின்னவர் பேச்சைக் கேட்டு எழுந்து ஓடி, இரண்டு உபதேசங்களிலும் உள்ள தீமையை மட்டும் சேகரித்துக்கொள்கிறான்.

இந்த வழக்கு திண்ணையோடு நின்றதென்று எண்ணவேண்டாம். படித்த வைத்தியர்களுக்குள்ளும் இது தலைமுறைக் கணக்கில் நடந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லிவர்பூல் நகரத்தில் வைத்தியம் பார்த்த ஹியூ ஓவன் தாமஸ், எலும்பு கட்டும் வேல்ஸ் நாட்டுப் பரம்பரை ஒன்றில் தோன்றி, பின்னர் முறைப்படி மருத்துவமும் கற்றவர். ஆந்திரத்துப் புத்தூருக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளச் சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் போய்வருகிற நம்மவர்களுக்கு இத்தகைய பரம்பரை அந்நியமாகத் தோன்றாது. நொந்த மூட்டுக்குக் கொடுக்கும் ஓய்வு முழுமையானதாகவும், இடையறாததாகவும், நெடுங்காலம் நீடிப்பதாகவும் இருத்தல் வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்துக்காக அவர் அமைத்த இரும்புச் சட்டம், அவர் காலமான பிறகு வந்த முதல் உலக யுத்தத்தில், தொடையெலும்பு முறிந்த வீரர் பலருடைய உயிரைக் காத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் பாரிஸ் நகரத்துச் சஸ்திர வைத்தியரான லூக்கா ஷாம்பியோனியேர், முறிந்த அவயவத்தைக்கூட நீவிவிட்டுக் கூடிய விரைவில் அசைக்கத் தொடங்கவேண்டும் என்று வாதித்துவந்தார். முறிந்த எலும்பைப் பொறுத்தவரை தாமஸ் சொன்னதும், கட்டப்பட்ட மூட்டு இறுகிப்போவதைப் பொறுத்தவரை பாரிஸ்காரர் சொன்னதும் மெய்யாகவே இருந்ததனால், இருதரப்பாரும் மற்றவர் தோல்விகளையே தமக்குச் சாட்சியாக அழைத்துக்கொண்டு வழக்கை நீட்டினார்கள்.

அந்த வழக்கின் போக்கை மாற்றியவர்களுள் ஒருவர் தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க ராணுவ வைத்தியர். இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில் சிகாகோ நகரத்துக் கார்டினர் மருத்துவமனையில், முழங்காலும் தொடையும் சிதைந்த சிப்பாய்கள் படுக்கையை விட்டு எழ இயலாமல் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தனர். இலேசான அசைவை நூற்றுக்கணக்கான தடவை செய்விப்பதே அந்நாளைய சிகிச்சை; அதனால் தசைக்கு அலுப்பு ஏற்பட்டதேயன்றி வலிமை திரும்பவில்லை. டிலோர்மோ இளமையில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, எழுந்த பின் பளு தூக்கித் தம் சரீரத்தைத் தாமே தேற்றிக்கொண்டவர். அவர் அந்தச் சிப்பாய்களின் பாதத்தில் இரும்புச் செருப்பொன்றைக் கட்டி, அதில் எடைத் தகடுகளைக் கோத்து, பத்துத் தடவை மாத்திரமே தூக்க இயலுகிற அளவு பாரத்தைத் தூக்கச் செய்து, அது சுலபமானபோது பாரத்தை ஏற்றிக்கொண்டே போனார். சூம்பிய தொடைகள் திரண்டன. 1945இல் அவர் அதைக் கட்டுரையாக வெளியிட்ட பின்னர், நொந்த காலுக்குப் பளு கூடாது என்ற பழைய அச்சம் மெல்ல மெல்லத் தகர்ந்தது.

இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை அதிகமாகக் கவர்வது அந்த வெற்றியன்று. அதன்பின் மூன்றாண்டுகள் கழித்து அவர் செய்த திருத்தம். முதலில் ஒரு வேளைக்குப் பத்துப் பத்தாக எழுபது முதல் நூறு தடவை வரையில் தூக்கச் சொன்னவர், 1948இல் அது மிகையென்று கண்டு இருபது முப்பது தடவைகளுக்குக் குறைத்தார். அதிலும் முதல் பத்தைப் பாதிப் பாரத்தோடும், அடுத்த பத்தை முக்கால் பாரத்தோடும், கடைசிப் பத்தை மட்டும் முழுப் பாரத்தோடும் செய்யும்படி வகுத்தார். தம் பெயரை நிலைநாட்டிய முறையையே மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிக்கொள்ளும் துணிவு எல்லாருக்கும் வருவதில்லை. தேகப்பயிற்சி நல்லதா கெட்டதா என்ற கேள்வி அவரோடு தீர்ந்துபோயிற்று. எவ்வளவு, எப்போது, எந்தக் காயத்துக்கு என்ற கேள்விகளே எஞ்சின. நம் வீடுகளில் இன்னும் முதற்கேள்வியைப் பற்றியே சண்டை நடப்பதுதான் விசித்திரம்.

அடிபட்ட சில வாரங்களுக்குள் தொடை ஏன் இப்படிச் சூம்புகிறது என்பதைப் பலரும் சரியாக அறிவதில்லை. பயன்படுத்தாததனால் மெலிகிறது என்பது பாதிக் காரணமே. முழங்காலுக்குள் நீர் கோத்து வீக்கம் ஏற்படும்போது, அந்த வீக்கத்தின் செய்தி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போய், முன்தொடைத் தசையை முழுமையாக இயங்க விடாமல் தடுத்துவிடுகிறது; நோயில்லாத முழங்காலுக்குள் திரவத்தைச் செலுத்திச் செய்த பரிசோதனைகளிலேயே, தொடைத் தசையின் இயக்கம் குன்றுவது 1960களில் பிரத்தியட்சமாகக் காட்டப்பட்டிருக்கிறது. ஆகவே, காலை நீட்டித் தூக்கு என்று சொன்னால் தூக்க முடியாமல் விழிக்கும் நோயாளியைச் சோம்பேறி என்றும் பயந்தாங்கொள்ளி என்றும் வீட்டார் பழிப்பது நியாயமன்று. அவனுடைய சங்கற்பம் தொடை வரையில் போய்ச்சேரவில்லை, அவ்வளவே. இயன்முறை சிகிச்சையாளர் முதல் நாளில் சொல்லித்தரும் பயிற்சி, பார்ப்பவர்க்குச் சிரிப்பூட்டும் அளவுக்கு அற்பமாக இருப்பதன் காரணமும் இதுதான். காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி, ஐந்தாறு விநாடி பிடித்து விடுவது: இவ்வளவுதான். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடப்பதில்லை. ஆனால் அறுந்துபோன தந்தியை மீண்டும் இணைக்கும் வேலை அங்கே நடக்கிறது. அந்தத் தசை கைக்குத் தட்டுப்படும்படி இறுகத் தொடங்கிய பிறகே நேரான காலைத் தரையினின்று உயர்த்துவதும், குதிகாலைப் படுக்கையில் இழுத்து முழங்காலை மடக்குவதும், நாற்காலியினின்று எழுந்து அமர்வதும் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும். வீக்கம் வடியாத முழங்காலின்மேல் உடற்பயிற்சிக் கூடத்துப் பளுவை ஏற்றுகிறவன், இயங்காத தசையை விட்டுவிட்டு மூட்டை மட்டும் வேலை வாங்குகிறான்.

இங்கே தலையணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். நொந்த முழங்காலுக்கு அடியில் மெத்தென்று ஒரு தலையணையை வைத்துச் சற்றே மடங்கிய நிலையில் கிடத்துவது நம் தாய்மார்கள் எல்லாரும் செய்கிற உபசாரம். மடங்கிய நிலையில் மூட்டுக்குள் அழுத்தம் குறைவதனால் நோயாளிக்கும் அது சுகமாகவே இருக்கிறது. ஆனால் அந்தச் சுகத்திலேயே நாள்தோறும் கிடக்கும் கால், நேராக நீள்வதை மறந்துவிடுகிறது. மடக்குவதில் சிறிது குறை ஏற்பட்டால் அதைச் சமாளித்துக்கொண்டு வாழலாம். நீட்டுவதில் சில பாகை குறைந்தாலும் நடை நொண்டியாகி, தொடைத்தசை ஓய்வில்லாமல் உழைக்க நேர்ந்து, முழங்காலின் முன்புறம் ஓயாமல் நோகிறது. வைக்கத்தான் வேண்டுமென்றால், வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லாத பட்சத்தில், தலையணையைக் குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் வைத்து, முழங்கால் தன் பாரத்தாலேயே நேராகும்படி விடவேண்டும்.

எந்தக் காயத்துக்கு என்ற கேள்வி மற்றெல்லாவற்றிலும் முந்தியது. ஜவ்வு கிழிந்துவிட்டது என்று மருத்துவமனையினின்று திரும்புகிறவர்களைக் கேட்டால், எது கிழிந்தது என்று சொல்லத் தெரிவதில்லை. உட்பக்கத்துக் கட்டுநார் கிழிந்திருந்தால் பெரும்பாலும் கத்தியில்லாமலே அது கூடிவிடுகிறது. நடுவில் குறுக்காக ஓடும் முன்கட்டுநார் முழுவதும் அறுந்தால், தானாகக் கூடும் என்று நம்பியிருக்க இயலாது. இரண்டு எலும்புகளுக்கும் இடையே பிறைவடிவில் இருக்கும் குருத்துக்கு வெளி விளிம்பில் மட்டுமே இரத்த ஓட்டம் உண்டு. விளிம்பில் கிழிந்தது ஆறக்கூடும், உள்ளே கிழிந்தது ஆறுவது அரிது. எலும்பின் தலையை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்புக்கோ இரத்தக் குழாயே கிடையாது. அது அழிந்தால் மீள்வதில்லை என்பதை வில்லியம் ஹன்டர் 1743ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். மூட்டுநீரிலிருந்துதான் அதற்கு உணவு; அழுந்தியும் தளர்ந்தும் வரும் இயக்கமே அந்த உணவை உள்ளே செலுத்துகிறது. முற்றிலும் அசையாமல் வைப்பதால் அதைப் பாதுகாப்பதாக எண்ணுகிறவர்கள் உண்மையில் அதைப் பட்டினி போடுகிறார்கள். பிறைக்குருத்தை ஒன்றுக்கும் உதவாத மிச்சம் என்று கருதி, கிழிந்தால் முழுவதுமாக வெட்டி எடுத்துவிடுவது நெடுநாள் வரையில் வைத்தியர்களின் வழக்கமாக இருந்தது. அப்படி எடுக்கப்பட்ட முழங்கால்களில் பின்னர் உண்டாகும் மாறுதல்களை 1948இல் ஃபேர்பாங்க் என்ற ஆங்கில வைத்தியர் எக்ஸ்ரே படங்களில் காட்டிய பின்பே அவர்களுக்குத் தயக்கம் பிறந்தது. இப்போது கூடியவரையில் தைத்துவைக்கிறார்கள். தைத்த குருத்துள்ளவர் சில மாதங்கள் வரை ஆழமாகக் குந்தக் கூடாது. அண்டைவீட்டுக்காரர் தம் முழங்காலுக்குச் செய்த பயிற்சியைப் பார்த்து நாமும் செய்வதில் உள்ள ஆபத்து இதனால் விளங்கும்.

சாதாரணக் காரியங்களிலேயே முழங்கால் தாங்கும் பாரத்தை நாம் குறைவாக மதிப்பிடுகிறோம். பெர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுகருவியைப் பொதிந்து ஐந்து பேருக்குப் பொருத்தி, 2010இல் வெளியிட்ட கணக்கு பின்வருமாறு: இரண்டு காலையும் ஊன்றி நிற்கையில் ஒரு முழங்காலின்மேல் விழும் விசை, உடல் எடையைக் காட்டிலும் சற்றே அதிகம், சமதரையில் நடக்கையில் இரண்டரை மடங்குக்கு மேல், படியேறுகையில் மூன்று மடங்குக்கு மேல், படியிறங்குகையில் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. ஏறுவதில் மூச்சு வாங்குவதனால் அதையே கடினமென்று எண்ணுகிறோம். முழங்காலுக்கோ இறங்குவதுதான் கடினம். அசையாச் சைக்கிளை இலேசான இறுக்கத்தில் மிதிப்பது நடப்பதைக் காட்டிலும் அதற்கு எளிது. இடுப்பளவு தண்ணீரில் நடப்பது ஏறக்குறைய பாதிப் பாரத்தோடு நடப்பதாகும். நடைதானே, அதைவிட எளிய பயிற்சி எது என்று முதல் வாரத்திலேயே நொண்டிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்புகிறவர்கள் இதைச் சிந்திக்கவேண்டும். கைத்தடி வைத்துக்கொள்ள வெட்கப்படுகிறவர்களும் சிந்திக்கலாம்: நொந்த காலுக்கு எதிர்க்கையில் அதைப் பிடிக்கவேண்டும், படியேறுகையில் நல்ல காலையும், இறங்குகையில் நொந்த காலையும் முதலில் வைக்கவேண்டும். சினிமாவில் தடி ஊன்றி வரும் நடிகர்கள் அதைப் பெரும்பாலும் நொந்த கால் பக்கத்துக் கையிலேயே பிடித்துவருகிறார்கள். அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

நம் வாழ்க்கை தரையோடு ஒட்டியது என்பதையும் மேல்நாட்டுப் பயிற்சித் தாள்கள் கணக்கில் எடுப்பதில்லை. சம்மணமிட்டு உண்பது, குந்திக் கோலமிடுவது, அரிவாள்மணைக்கு முன் ஒருகாலை மடக்கி உட்காருவது, கழிப்பறையில் குந்துவது, தொழுகையில் மண்டியிடுவது ஆகிய இவையெல்லாம் முழங்காலை அதன் எல்லைவரை மடக்குபவை. நோயுற்ற காலத்தில் இவற்றுக்கு விடுமுறை கொடுக்கவேண்டுமேயன்றி, ஆயுள் முழுவதற்கும் தடைவிதிக்க வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழும் வலிமை வந்த பிறகு, மணைப்பலகையின் உயரத்துக்கும், அப்பால் தரைக்கும், சுவரையோ கட்டிலையோ பிடித்தபடி சிறிது சிறிதாக இறங்கிப் பழகலாம். குந்த வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடும் வைத்தியர், எப்போது முதல் குந்தலாம் என்பதையும் சொல்லவேண்டும். அவர் சொல்லாவிட்டால் நோயாளி கேட்கவேண்டும். கேட்காமல் வந்துவிட்ட காரணத்தால், ஆறிய முழங்காலோடு பந்தியில் தரையில் உட்கார அஞ்சுகிறவர்கள் நம் ஊர்களில் பலர்.

வலி இருந்தால் பயிற்சியை நிறுத்துவதா, பொறுத்துக்கொண்டு செய்வதா என்பது எல்லாரும் கேட்கிற கேள்வி. ஸ்வீடன் தேசத்து இயன்முறை சிகிச்சையாளர் ரோலண்ட் தோமே, முழங்காற்சில்லைச் சுற்றி நோவுடைய இளம்பெண்களுக்காக 1997இல் ஒரு முறையை எழுதினார். வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பிட்டுக்கொண்டால், பயிற்சியின்போது அது ஐந்துக்கு மேற்படாமல் இருந்து, மறுநாள் காலைக்குள் தணிந்து, வாரத்துக்கு வாரம் ஏறாமல் இருக்குமாயின், தொடரலாம் என்பது அதன் சாரம். புதிதாகச் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டவர்கள் அந்த ஐந்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. அவர்களுக்கு வைத்தியர் விதிக்கும் எல்லையே எல்லை. எனினும் அம்முறையில் மறுநாள் காலைக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் ஸ்தானம் எல்லாருக்கும் பொதுவானது. ஏனெனில் முழங்கால் உடனுக்குடன் பேசும் சுபாவமுடையதன்று. பயிற்சி செய்கிற வேளையில் உடம்பு சூடேறியிருப்பதனாலும் உற்சாகத்தாலும் அது மௌனமாக இருந்துவிட்டு, இரவெல்லாம் நீர் சுரந்து, விடியற்காலையில் கட்டிலிலிருந்து காலை இறக்கும்போதுதான் தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறது. நேற்றைக் காட்டிலும் வீங்கியிருக்கிறதா, மடங்குவது குறைந்திருக்கிறதா, முதற்சில அடிகளில் இறுக்கம் அதிகமா என்று தினமும் காலையில் கவனிக்கிறவனுக்கு வேறு கருவி அதிகம் வேண்டியதில்லை. வீங்கியிருந்தால் நேற்றைய பயிற்சி மிகை. அன்று குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அமைதியாக இருந்தால் சிறிது ஏற்றலாம்; எடை, எண்ணிக்கை, ஆழம் ஆகிய மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே ஏற்றவேண்டும், இல்லாவிடில் எதனால் வீங்கியது என்பது தெரியாமற்போகும்.

கீழ்ப்படியாத நோயாளிகளைப் பற்றி ஒரு ருசிகரமான செய்தி உண்டு. முன்கட்டுநாரைப் புதிதாகப் பொருத்திக்கொண்டவர்களை 1980களில் பல வாரங்கள் காலை நீட்டவும் ஊன்றவும் விடாமல் காவல் வைத்திருந்தார்கள். இண்டியானாபோலிஸ் நகரத்துச் சஸ்திர வைத்தியர் டொனால்ட் ஷெல்போர்ன், தம் நோயாளிகளுள் கட்டளையை மீறி முன்கூட்டியே நடந்துவிட்டவர்களின் முழங்கால்கள், சொன்னபடி கேட்டவர்களின் முழங்கால்களைக் காட்டிலும் நன்றாக நீண்டு மடங்குவதையும், தளர்ந்துவிடாமல் இருப்பதையும் கவனித்தார். தண்டிக்கவேண்டியவர்களிடமிருந்து பாடம் கற்கும் பெருந்தன்மை அவரிடம் இருந்தது. 1990இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பின், முதல் நாட்களிலேயே காலை முழுக்க நீட்டுவதும் ஊன்றி நடப்பதும் வழக்கமாயின.

ஆனால் இதைக் கேட்டு மகிழ்கிற இளைஞர்கள் மறுபாதியையும் கேட்கவேண்டும். பொருத்தப்பட்ட நாண், உடம்பின் வேறிடத்திலிருந்து எடுத்து வைக்கப்பட்ட இரத்த ஓட்டமற்ற பொருள். அதற்குள் புதிய இரத்தக் குழாய்கள் புகுந்து, பழைய இழைகள் கரைந்து, புதிய இழைகள் அமையும் முதற்சில மாதங்களில், அது பொருத்திய நாளில் இருந்ததைக் காட்டிலும் பலவீனமாகிறது. அதே மாதங்களில்தான் வீக்கம் வடிந்து, வலி நீங்கி, நடை சீர்பட்டு, நோயாளிக்குத் தான் குணமாகிவிட்டதாகத் தோன்றுகிறது. உள்ளே மிகவும் மெலிந்திருக்கும் காலமும் வெளியே மிகவும் தைரியம் பிறக்கும் காலமும் ஒன்றாக அமைந்திருப்பது இந்தச் சிகிச்சையின் குரூரமான அம்சம். முழங்காலின் மறுமொழியை நம்பவேண்டும் என்று மேலே சொன்னேன்; இந்த ஒரு விஷயத்தில் அதுவும் போதாது, நாட்காட்டியும் வேண்டும். கபடிக் களத்தில் பாடிப்போய்த் திடீரென்று திரும்புகிற அந்த அசைவு, நேராக நடப்பதோடும் ஓடுவதோடும் ஒப்பிடத்தக்கதன்று. நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர்களும் அமெரிக்காவின் டெலவேர் ஆராய்ச்சியாளர்களும், சிகிச்சை பெற்ற ஆட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சி, ஒன்பது மாதம் வரையில் களத்துக்குத் திரும்புவதை ஒத்திப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்று கண்டது. வலிமைச் சோதனைகளிலும் தாவுதல் சோதனைகளிலும் தேறாமல் திரும்பியவர்களுள் நூற்றுக்கு 38 பேர் மீண்டும் அடிபட்டனர்; தேறித் திரும்பியவர்களுள் அடிபட்டவர் நூற்றுக்கு 6 பேருக்கும் குறைவு. ஒரு காலின் தொடைவலிமை மற்றக் காலின் வலிமையில் நூற்றுக்குத் தொண்ணூறாவது இருத்தல் அந்தச் சோதனைகளுள் அடங்கும். இன்னொரு சங்கதியும் உண்டு: டிலோர்ம் சிப்பாய்களைத் தேற்றிய அதே பயிற்சியை, அதாவது உட்கார்ந்தபடி பாதத்தில் எடைகட்டி முழங்காலை முழுக்க நீட்டுவதை, புதிய நாண் உடையவர்களை முதல் வாரங்களில் முழு வீச்சில் செய்ய விடுவதில்லை, நீளும் கடைசிப் பகுதியில் அது அந்த நாணை இழுக்கிறது.

சஸ்திர சிகிச்சையே இல்லாமல் பயிற்சியால் மட்டும் தேறுகிறவர்களும் உண்டு. முன்கட்டுநார் அறுந்த 121 இளைஞர்களை ஸ்வீடனில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே சிகிச்சை செய்து, மற்றொரு பிரிவை முதலில் பயிற்சியில் விட்டு, வேண்டுமானால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். இரண்டாண்டு கழித்துக் கண்ட முடிவை 2010இல் வெளியிட்டபோது, இரு பிரிவினரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை, பின்பிரிவில் பாதிக்கு மேற்பட்டோர் கட்டுநாரைப் புதிதாகப் பொருத்திக்கொள்ளவே இல்லை. இது எல்லாருக்கும் பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை. முழங்கால் திடீரென்று பூட்டிக்கொண்டு நீள மறுத்தாலும், நடக்கையில் அடிக்கடி நழுவிவிட்டாலும், ஊன்றவே முடியாவிட்டாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போகவேண்டும். காய்ச்சலோடு மூட்டு சிவந்து கொதித்தாலும், ஒரு பக்கத்துக் கெண்டைக்கால் வீங்கி நொந்தாலும், அன்றைக்கே போகவேண்டும். கெண்டைக்காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து.

சஸ்திர சிகிச்சைக்குக் கடன் வாங்கியேனும் இலட்சக்கணக்கில் செலவிடும் குடும்பங்கள், தையல் பிரித்த நாளோடு வைத்தியம் முடிந்ததாகக் கருதி, பல மாதங்கள் நீளவேண்டிய பயிற்சியை இரண்டொரு வாரங்களில் கைவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கத்தி செய்யும் காரியம் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. மீதியைச் செய்யவேண்டியது தொடைத்தசை. அதற்குத் தனியார் நிலையங்களில் ஒவ்வொரு தடவையும் பணம் கொடுக்க இயலாதவர்கள், நம் மாநிலத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருப்பதை நினைவில் வைக்கவேண்டும். காலையில் சீட்டுப் போட்டுக் காத்திருக்கவேண்டியிருக்கும், கட்டணம் கிடையாது. போகிறபோது, வீட்டில் செய்யவேண்டியதை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.